ரெட் ஹவுஸில் அப்படி என்னதான் இருக்கிறது?

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பெக்ஸ்லிஹீத்தில் இருக்கும் ரெட் ஹவுஸைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். விக்டோரியா காலத்து வீடு என்றதும் தூண், கோபுரம், பூவேலை என்று எதிர்பார்த்துப் போனீர்கள். கண்ணில் பட்டது செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும்தான். உடன் வந்த வழிகாட்டியோ ‘நவீன வீடு என்ற எண்ணமே இங்கேதான் பிறந்தது’ என்றிருக்கிறார். அது உண்மையா, உண்மையென்றால் எனக்கு ஏன் அது தெரியவில்லை என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அலங்காரம் இல்லாத ஒரு வீட்டில் எதைப் பார்ப்பது என்பது ஒன்று. ‘முதல்’ என்று சொல்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நிறையச் சொல்ல வேண்டும், அதனால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் கட்டடக் கலைஞன். இருபது வருடங்களுக்கு மேல் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம் இவற்றோடுதான் என் பிழைப்பு. ரெட் ஹவுஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனபோது எனக்கும் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேர்ந்தது, அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டேன். இரண்டாவது முறை ஒரு முழுப் பகல் இருந்தேன். சுவர், கூரை, ஜன்னல் பற்றி இங்கே நான் சொல்வது தொழில் அனுபவத்திலிருந்து வருவது. ஓவியங்களைப் பற்றிச் சொல்வது கலை வரலாற்றாளர்களிடமிருந்து கற்றது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஆட்களைப் பற்றி. வீட்டைக் கட்டச் சொன்னவர் வில்லியம் மோரிஸ், பின்னாளில் வடிவமைப்பாளராகவும் கவிஞராகவும் பெயர் பெற்றவர். 1834இல் பிறந்தவர். தந்தை வாங்கி வைத்திருந்த டெவன் பகுதிச் செம்புச் சுரங்கப் பங்குகளிலிருந்து வருடத்துக்குச் சுமார் 900 பவுண்டு வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது வசதியான வாழ்க்கைக்கான பணம். வரைந்தவர் பிலிப் வெப், மோரிஸைவிட மூன்று வயது மூத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் 1856இல் இருவரும் பழகினார்கள். மோரிஸ் ஒரு வருடம்கூட அங்கே தாக்குப்பிடிக்காமல் ஓவியம் வரையப் போய்விட்டார், நட்பு மட்டும் கடைசிவரை நின்றது. 1859 ஏப்ரலில் மோரிஸ் ஜேன் பர்டனைத் திருமணம் செய்துகொண்டார். ஜேன் ஆக்ஸ்ஃபோர்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஒருவரின் மகள். புது மணமக்களுக்கான வீடு இது. வெப்புக்கு அப்போது 28 வயது, தனியாகத் தொழில் தொடங்கியதும் கையில் எடுத்த முதல் வேலை. மோரிஸுக்கு 25, ஜேனுக்கு 19. இந்த வயதுகளை மறந்துவிட்டு அந்த வீட்டைப் பார்த்தால் பாதிதான் புரியும். அங்கே தெரியும் துணிச்சல், பிடிவாதம், தவறு மூன்றுமே இளைஞர்களுடையவை.

சரி, அதே காலத்தில் மற்றவர்கள் எப்படிக் கட்டினார்கள்? இதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த வெறும் செங்கல் ஏன் பேச்சாயிற்று என்பது விளங்கும். இங்கிலாந்தில் 1784 முதல் செங்கல்லுக்கு வரி இருந்தது, 1850இல்தான் எடுத்தார்கள். கண்ணாடிக்கான சுங்கத்தை 1845இலும், வீட்டு ஜன்னல்களை எண்ணி வசூலித்த ஜன்னல் வரியை 1851இலும் நீக்கினார்கள். ஆறே வருடங்களில் மூன்று தளைகள் கழன்றன. ரயிலும் வந்துவிட்டது, வேல்ஸ் மலைகளில் வெட்டிய ஸ்லேட் கல் பலகை நாடு முழுக்க மலிவாகப் போய்ச் சேர்ந்தது. விளைவாக லண்டனைச் சுற்றி வரிசை வரிசையாக வீடுகள் முளைத்தன. மஞ்சள் கலந்த லண்டன் செங்கல், மேலே சாய்வு குறைந்த ஸ்லேட் கூரை. கொஞ்சம் பணம் இருந்தால் செங்கல் தெரியாதபடி முகப்புக்கு ஸ்டக்கோ என்ற பூச்சு. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கோடு கீறி, பெரிய கருங்கற்களை அடுக்கியதுபோல் காட்டுவார்கள். லண்டனில் பெல்கிரேவியா பக்கம் நடந்திருப்பீர்கள், அங்கே வெள்ளை வெளேரென்று நிற்பவை பெரும்பாலும் இப்படிப் பூச்சுக்குள் மறைந்த செங்கல் வீடுகள்தான். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போன ‘விக்டோரியா வீடு’ இதற்குப் பிந்தைய இருபது முப்பது வருடங்களில் வந்த, அச்சில் வார்த்த அலங்காரங்களை ஒட்டிய வீடாக இருக்கும். ரெட் ஹவுஸ் 1859–60இல் எழும்பியது. விக்டோரியா அரசியின் ஆட்சி 1837 முதல் 1901 வரை. அப்படிக் கணக்கிட்டால் இது ஆட்சியின் முதல் பாதியிலேயே வந்துவிட்ட வீடு.

இப்போது தோட்டத்துப் பக்கம் கிணற்றடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீடு ‘ட’ எழுத்துப்போல் மடங்கி நிற்கிறது. அந்த மடிப்பின் உள்ளே கிணறு, அதன்மேல் கூம்பு வடிவில் ஓடு வேய்ந்த கூரை. கென்ட் மாவட்டத்தில் பீருக்கான ஹாப் காய்களை உலர்த்தும் கூடங்களுக்கு இதே கூம்புக் கூரைதான் இருக்கும், ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அது பழகிய உருவம். வீட்டின் கூரையை அண்ணாந்து பாருங்கள். மிகவும் செங்குத்தாக இறங்கும். இடைக்காலத்து மோகத்தில் இப்படிக் கட்டினார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். மோகம் இருந்தது உண்மை, ஆனால் வேறொரு காரணமும் உண்டு. களிமண்ணில் சுட்ட சின்னத் தட்டை ஓட்டுக்கு 40 பாகைக்குக் குறையாத சாய்வு இருந்தால் நல்லது. சாய்வு குறைந்தால் காற்று மழைநீரை ஓட்டு இடுக்கு வழியே மேலே தள்ளிவிடும். அகலமாக அறுத்த ஸ்லேட் பலகைக்கு அதில் ஏறக்குறைய பாதிச் சாய்வு போதும். அதாவது, ஸ்லேட் வேண்டாம், இந்த மண்ணில் பழகிய சிவப்பு ஓடுதான் வேண்டும் என்று முடிவெடுத்த அந்தக் கணமே கூரையின் உருவமும் பாதி முடிவாகிவிட்டது. பொருள் கேட்டதைக் கொடுத்தார் வெப். இந்த வீடு முழுக்க இப்படித்தான் யோசித்திருக்கிறார்.

ஜன்னல்களுக்கு வருவோம். முதல் முறை பார்த்தபோது எனக்கு எரிச்சலூட்டியவை இவைதான். ஒன்று உயரமாக ஒல்லியாக இருக்கிறது, ஒன்று அகலம், மாடியில் சில வட்டமாக இருக்கின்றன. எதுவும் எதற்கும் நேராக வரவில்லை. ஒரு கோடு போட்டு இரண்டு பக்கமும் சமமாக ஜன்னல் வைப்பதுதான் அன்றைய வழக்கம். வெப் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு ஜன்னலையும் உள்ளே இருக்கும் அறைக்கு எது தேவையோ அதன்படி வைத்தார். வெளியே நின்று பார்த்தே இது நடைபாதை, இது படிக்கட்டு, இது உட்காரும் அறை என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்னும் நெருங்கிப் போனால் ஒரு விசித்திரம் தெரியும். சட்டம் மேலும் கீழுமாக நகரும் சாதாரணச் செவ்வக ஜன்னல், அதற்கு மேலே பழைய தேவாலயம் மாதிரிக் கூர்மையான செங்கல் வளைவு. வளைவுக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட முக்கோணத்தைச் செங்கல்லால் அடைத்திருக்கிறார்கள். இடைக்காலத் தேவாலயங்களின் பாணியான கோதிக்கில் சுத்தம் பார்ப்பவர்கள் அந்த நகரும் ஜன்னலை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுச் சாதாரண வீடுகளின் வழக்கம். வெப்புக்குப் பாணிச் சுத்தம் ஒரு பொருட்டாக இல்லை. சுவரின் பாரத்தை இரண்டு பக்கமும் இறக்கிவிடக் கூர்வளைவு நல்லது, அதனால் மேலே அது. திறந்து மூட நகரும் ஜன்னல் வசதி, அதனால் கீழே அது. நம் ஊரில் பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றில் பூச்சு உதிர்ந்த இடத்தைப் பார்த்திருந்தால் வாசல் மரச்சட்டத்துக்கு மேலே இதேபோல் ஒரு செங்கல் வளைவு மறைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் கொத்தனார்களும் பாரத்தை மரத்தின் மேல் உட்கார விடமாட்டார்கள். அவர்கள் அதைப் பூச்சுக்குள் மறைத்தார்கள், வெப் அப்படியே விட்டார். உங்களுக்கு வெறுமையாகத் தெரிந்த அந்தச் சுவரில் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று முழுவதும் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அதுதான் அலங்காரம்.

உள்ளமைப்பு இன்னும் சுவாரசியமானது. பழைய பெரிய வீடுகளில் ஓர் அறைக்குள் நுழைந்து இன்னோர் அறைக்குப் போவார்கள், அல்லது நடுவே கூடம் வைத்துச் சுற்றிலும் அறைகள் இருக்கும். வெப் ‘ட’வின் உட்பக்கம் நெடுக நடைபாதையை ஓடவிட்டு, அறைகளை வெளிப்பக்கம் அடுக்கினார். மடிப்பில் படிக்கட்டு, அதற்கு மேல் தனியாக ஒரு கூர்க்கூரை. அதன் உச்சியிலுள்ள காற்றுதிசை காட்டியில் மோரிஸின் முதலெழுத்துகளும் 1859 என்ற ஆண்டும் உண்டு. குடிவந்தது அடுத்த வருடக் கோடையில். முக்கியமான வரவேற்பறையைக் கீழே வைக்காமல் மாடியில் வைத்தார். சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் வரிசை வீடுகளில் சமையலறை நிலவறையில் இருக்கும், வேலை செய்பவர்கள் பகலிலும் விளக்கு வைத்துக்கொண்டு கிடப்பார்கள். இங்கே சமையலறை தரைத் தளத்தில், பெரிய ஜன்னலோடு, தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பின்னாளில் மோரிஸ் சமத்துவம் பேசி மேடை மேடையாக ஏறினார். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே வெப் ஒரு ஜன்னலின் இடத்தை வைத்து அதைச் சொல்லிவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், அந்த எண்ணத்தோடுதான் ஜன்னலை வைத்தார் என்பதற்கு ஆதாரம் காட்டி நான் வாதாட முடியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நடைபாதை உட்பக்கமாகத் தோட்டத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்க, முக்கிய அறைகள் வடக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. நம் ஊரில் வடக்கு பார்த்த அறை வரம். இங்கிலாந்தில் வடக்கிலிருந்து நேர் வெயில் கிட்டத்தட்ட வராது, குளிர்காலத்தில் சுவரே சில்லிட்டுப் போகும். வெயிலைப் பற்றிய கணக்கில் வெப் தவறிவிட்டார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. நாற்பது வயதுக்கு முன் யாரும் வீடு கட்டக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதாக அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். செலவு சுமார் 4,000 பவுண்டு என்று குறிப்பிடுவார்கள். மோரிஸின் நான்கு வருட வருமானத்தைவிட அதிகம் அது. எளிமை என்றால் மலிவு என்று எண்ணிவிட வேண்டாம்.

உள்ளே போனால் உங்கள் கண் பழகிய அலங்காரம் கொஞ்சம் கிடைத்திருக்கும். ஆனால் அது வந்த விதம் வேறு. மாடி வரவேற்பறையில் கணப்பைப் பார்த்திருப்பீர்கள், கூரைவரை எழும்பும் சிவப்புச் செங்கல் புகைக்கூண்டு. கனவான் வீட்டு வரவேற்பறைக்குள் பூசாத செங்கல்லை நிறுத்துவது அன்றைக்குச் சாதாரணக் காரியம் இல்லை, பளிங்கோ பளிங்குபோல் வண்ணமடித்த மரமோதான் வைப்பார்கள். அதன் மேல் ‘கலை நெடிது, வாழ்வு குறிது’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் இருக்கிறது. எதிரே இருக்கும் பிரம்மாண்டமான மர இருக்கை லண்டன் ரெட் லயன் சதுக்கத்தில் மோரிஸ் தங்கியிருந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வெப் அதற்கு ஏணியும் மேலே பாடகர் மாடம்போல் ஒரு விதானமும் சேர்த்தார். கூரைப் பூச்சுகளைக் கவனித்தீர்களா? ஈரம் காயும் முன்பே புள்ளிகள் குத்தி வைத்து, அந்தப் புள்ளிகளை வழிகாட்டியாகக் கொண்டு பிறகு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை நினைத்தால் வேலைமுறை உடனே பிடிபடும். திறமை குறைந்தவர்கூட உதவி செய்யலாம். வார இறுதிகளில் வந்த நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதுதான் அந்த வீட்டில் நடந்த பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். வீடு எழும்பி நின்றதும் மோரிஸ் கடைக்குப் போய்த் தளவாடம், திரை, கண்ணாடி எல்லாம் தேடினார், எதுவும் பிடிக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டார்கள். ஜேன் லண்டன் கடையில் நீலச் சாயக் கம்பளித் துணி ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார், மோரிஸும் அவரும் அதில் டெய்சிப் பூக்களைத் தைத்துப் படுக்கையறையில் தொங்கவிட்டார்கள். அந்தத் துணி இன்றும் மோரிஸின் இன்னொரு வீடான கெல்ம்ஸ்காட் மேனரில் இருக்கிறது. ஓவிய நண்பர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய காதல் கதையின் திருமண விருந்தை வரைந்தார். ஓவியரும் கவிஞருமான ரோசெட்டி வந்தார், வெப் மேசையும் மெழுகுவர்த்தித் தண்டும் கண்ணாடிக் குவளையும் வடிவமைத்தார். 1861 ஏப்ரலில் இதே கூட்டத்தைச் சேர்ந்த ஏழு பேர் பங்காளிகளாகச் சேர்ந்து ‘மோரிஸ், மார்ஷல், ஃபாக்னர் அண்ட் கம்பெனி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மோரிஸ் முதன்முதலாக வரைந்த சுவர்த்தாள் வடிவமான ‘ட்ரெல்லிஸ்’ 1862இல் உருவானது, இந்தத் தோட்டத்தின் ரோஜாப் பந்தல்தான் அதற்கு முன்மாதிரி. அதிலுள்ள பறவைகளை வரைந்தவர் வெப். பறவை வரைவதில் தன்மேல் மோரிஸுக்கு நம்பிக்கை இல்லை, அதனால் நண்பரிடம் கொடுத்துவிட்டார். பெண்களின் பெயர் அந்த நிறுவனத்தின் பலகையில் ஏறவில்லை, ஆனால் தையல் வேலையில் ஜேனும் அவர் தங்கை பெஸ்ஸியும் செய்தது மிக அதிகம். இதை வழிகாட்டிகள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

இனி, ‘முதல் நவீன வீடு’ என்ற பேச்சு. இது எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகவே தெரியும். ஹெர்மன் முத்தேசியுஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் 1896 முதல் 1903 வரை லண்டனில் தூதரகப் பணியில் இருந்தார். ஆங்கில வீடுகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1904–05இல் வந்தது. உள்ளும் புறமும் ஒரே முழுமையாகச் சிந்தித்துக் கட்டிய முதல் தனி வீடு என்று அதில் ரெட் ஹவுஸைத் தூக்கி வைத்தார். 1936இல் கலை வரலாற்றாளர் நிகோலஸ் பெவ்ஸ்னர், மோரிஸில் தொடங்கி நவீனக் கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸில் முடியும் ஒரு வரலாற்றை எழுதினார். அதற்குப் பிறகு மாணவர்கள் எல்லோருக்கும் இது பாடமாகிவிட்டது. எனக்கும் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. கட்டடக் கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் ராம்ஸ்கேட்டில் தனக்காகக் கட்டிக்கொண்ட ‘தி கிரேஞ்ச்’ 1843–44ஆம் ஆண்டு வீடு, அறையிலிருந்து தொடங்கி வெளிப்புறத்துக்குப் போகும் முறை அதிலேயே இருக்கிறது. இன்னொரு கட்டடக் கலைஞரான வில்லியம் பட்டர்ஃபீல்டு கோல்பிட் ஹீத்தில் பாதிரியாருக்குக் கட்டிய வீடு 1844–45. வெப்பின் ஆசானான ஸ்ட்ரீட், மெய்டன்ஹெட் அருகே பாயின் ஹில்லில் 1850களில் ஒரு தேவாலயத்தையும் அதை ஒட்டிப் பாதிரியார் வீடு, பள்ளி எல்லாவற்றையும் செங்கல்லில் கட்டினார். அங்கெல்லாம் செங்குத்தான கூரையும் ஒழுங்கு பார்க்காத ஜன்னலும் பூசாத சுவரும் ஏற்கெனவே இருக்கின்றன. வெப் அந்த மரபில் தொழில் கற்று வந்தவர். ஆகவே ‘முதல்’ என்பது தவறு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘நவீனம்’ என்பதும் தடுமாற்றமான சொல். இவர்கள் யாரும் எதிர்காலத்தைக் கட்டுவதாக நினைக்கவில்லை, பதின்மூன்றாம் நூற்றாண்டின் மேல்தான் ஆசை வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். பாதிரியார் வீட்டுக்கும் பள்ளிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த நேர்மையான கட்டுமானத்தை ஓர் இளம் தம்பதியின் வாழ்க்கைக்குக் கொண்டுவந்து, அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் எல்லாப் பொருளையும் அதே மனதோடு செய்ய முயன்று, அதிலிருந்து ஒரு தொழிலையே உண்டாக்கிய வீடு வேறு இல்லை. வீடு புதிது என்பதைவிட, அந்த வீட்டிலிருந்து கிளம்பியது புதிது.

சில கதைகளையும் கேட்டிருப்பீர்கள். அவற்றில் எது எந்த அளவு உறுதி என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் தோப்பில் மரங்களை வெட்டாமல் வீட்டை நுழைத்தார்கள், இலையுதிர் கால இரவுகளில் திறந்த ஜன்னல் வழியே பழங்கள் அறைக்குள் விழும் என்பார்கள். இது மோரிஸின் முதல் வாழ்க்கை வரலாற்றில் வருவது, அந்தக் குடும்ப வட்டாரத்தைச் சேர்ந்தவர் எழுதியது. நினைவில் கொஞ்சம் இனிப்பு சேர்ந்திருக்கலாம். ஆனால் தோட்டத்தையும் வீட்டையும் சேர்த்தே திட்டமிட்டார்கள் என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் இருக்கிறது. வெப்பின் வரைபடங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. சுவர் ஓரத்தில் எங்கே மல்லிகைக் கொடி ஏற வேண்டும், எங்கே ரோஜா என்று அவற்றில் குறித்திருக்கிறார். 1858இல் நண்பர்கள் பிரான்ஸில் செய்ன் நதியில் படகு வலித்துப் போனபோது வழிகாட்டி நூலின் வரைபடத்துக்குப் பின்னால் முதல் கோட்டுருவம் பிறந்தது என்பதும் அடிக்கடி சொல்லப்படும். படகுப் பயணம் உறுதி. அன்று கிறுக்கியதுதான் இந்த வீடு என்று முடிச்சுப் போடுவது கொஞ்சம் அதிகம். பெரிய படுக்கையறையில் 2013இல் வெளியே வந்த சுவரோவியம் வேறு ரகம். சுவர்த்தாளுக்கும் அலமாரிக்கும் பின்னால் மறைந்து கிடந்தது. ஆதாம், ஏவாள், நோவா, ராகேல், யாக்கோபு என்று ஐந்து உருவங்கள், தொங்கும் துணியில் வரைந்ததுபோல் மடிப்புகளோடு. எந்த உருவம் யார் கை என்பதில்தான் பேச்சு நடக்கிறது. மோரிஸ், ரோசெட்டி, ரோசெட்டியின் மனைவி எலிசபெத் சிடால், ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன் என்று பல பெயர்கள். பலர் சேர்ந்து வரைந்தது என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். பெயர் பிரிப்பது பாணியை வைத்துச் செய்யும் அனுமானம். வழிகாட்டி அழுத்தமாக ஒரு பெயரைச் சொன்னாலும் நீங்கள் மெதுவாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

மோரிஸ் குடும்பம் அங்கே இருந்தது ஐந்தே வருடங்கள். இரண்டு மகள்களும் அங்கேதான் பிறந்தார்கள். வீடு நிற்கும் அப்டன் அப்போது கென்ட் மாவட்டத்துக் குக்கிராமம். பக்கத்து ரயில் நிலையம் ஏபி வுட், மூன்று மைல் தள்ளி, குதிரை வண்டியில் போக வேண்டும். பெக்ஸ்லிஹீத்துக்கே ரயில் வந்தது 1895இல். நிறுவனம் வளர வளர லண்டனுக்குப் போய்வருவது பாரமாயிற்று. பர்ன்-ஜோன்ஸ் குடும்பத்துக்காக இன்னொரு சிறகு கட்டி ‘ட’வைச் சதுர முற்றமாக்கலாம் என்று 1864இல் வெப் வரைந்தே கொடுத்துவிட்டார். அந்த வருடம் எட்வர்டின் மனைவி ஜார்ஜியானா பர்ன்-ஜோன்ஸுக்குச் செங்காய்ச்சல் (ஸ்கார்லெட் ஃபீவர்) வந்தது, பிறந்த குழந்தை இறந்தது. மோரிஸ் வாதக் காய்ச்சலில் படுத்தார். சுரங்கப் பங்கு வருமானமும் சரியத் தொடங்கியிருந்தது. 1865இல் வீட்டை விட்டுப் போனவர் மறுபடி வந்து பார்க்கவே இல்லை என்கிறார்கள். அந்த முற்றத்துக்கான வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அப்புறம் பல கைகள் மாறி, 1952இல் எட்வர்ட் ஹாலம்பி என்ற கட்டடக் கலைஞரின் குடும்பம் நண்பர்களோடு சேர்ந்து வாங்கியது. சுற்றிலும் புறநகர் வீடுகள் அடைத்துக்கொண்ட பிறகும் இது நிற்கிறதென்றால் அரை நூற்றாண்டு அவர்கள் பார்த்துக்கொண்டதுதான் காரணம். 2003இல் பழைய கட்டடங்களையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பொறுப்பேற்றது.

என் தொழிலுக்கும் அந்த இரண்டு நண்பர்களுக்கும் நேரடியாக ஒரு கடன் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1877இல் மோரிஸும் வெப்பும் பழைய கட்டடப் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய தேவாலயங்களைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்தார்கள். புதுப்பிக்காதே, அன்றாடம் கவனித்துச் சிதைவைத் தள்ளிப்போடு என்பதுதான் அதன் அறிக்கையின் சாரம். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டிலும் இதே மனப்போக்கைக் காணலாம், நாங்கள் அதைப் படித்து வளர்ந்தவர்கள். சில வருடங்களுக்கு முன் டெல்டா பக்கம் நூறு வயது தாண்டிய ஒரு செங்கல் கட்டடத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் வந்த ஒப்பந்தக்காரர் பழுது என்று சொல்லி செங்கற்களுக்கு நடுவே எல்லா இணைப்பிலும் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருப்பது காரணத்தோடுதான். சுவரின் ஈரம் அந்த இணைப்பு வழியே மூச்சுவிட்டு வெளியேறும், கெட்டாலும் சாந்து கெடும், அதை மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் செங்கல் வழியாக வந்தது, உப்புப் பூத்தது, செங்கல் முகம் முகமாகப் பொரிந்து கையோடு வந்தது. செங்கல்லைச் சுற்றிச் சிமெண்ட் மட்டும் தேன்கூடுபோல் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. ரெட் ஹவுஸ் போன்ற பூசாத சுவர் எதையும் மறைக்காது, இப்படித் தவறு செய்தால் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அங்கே இரண்டாவது முறை போனபோது பெரும்பாலான நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது செங்கல்லை விட்டு, செங்கல்லுக்கு நடுவே இருக்கும் கோட்டைத்தான்.

மகளைப் பார்க்க மறுபடி போவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை உள்ளே நுழைவதற்கு முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே நடங்கள். அப்புறம் உள்ளே போய்ச் சரிபாருங்கள், பாதிக்கு மேல் சரியாக வரும். சமையலறை ஜன்னலில் நின்று தோட்டத்தைப் பாருங்கள். நடைபாதை ஜன்னல்களில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களில் பழுப்புக் கோட்டில் பறவைகள் வரைந்திருக்கும், போன முறை கவனித்திருக்க மாட்டீர்கள். அவை வெப் வரைந்தவை. கண்ணாடிக்கு மிக அருகே போய், அந்தப் பறவைகளின் ஊடாகக் கிணற்றுக் கூம்பைப் பாருங்கள், காலை வெயில் இருந்தால் இன்னும் நல்லது.